சிவப்பு மருந்துக்குப் பச்சை இலை காவலா?

மார்பகப் புற்றுநோய்க்கோ லிம்போமாவுக்கோ கீமோ எடுத்துக்கொண்டவர்களுக்கு டாக்ஸோரூபிசினைப் பெயரால் தெரியாவிட்டாலும் நிறத்தால் தெரியும். செக்கச்செவேலென்று நரம்பில் ஏறும். அடுத்து ஓரிரு நாள் சிறுநீரும் சிவந்து போகும். இந்த ஆந்த்ராசைக்ளின் மருந்துக் குடும்பத்தை 1960களில் இத்தாலியின் ஃபார்மிடாலியா நிறுவனம் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்தது. அரை நூற்றாண்டு கடந்தும் இதை ஒதுக்கிவைக்க மருத்துவத்தால் முடியவில்லை. உயிர் காக்கிறது, பதிலுக்கு இதயத்தைக் கேட்கிறது. 2003இல் அமெரிக்க மருத்துவர் சாண்ட்ரா ஸ்வெயினும் சக ஆய்வாளர்களும் மூன்று பழைய ஆய்வுகளின் தரவைத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். உடலில் ஏறிய மொத்த அளவு சதுர மீட்டருக்கு 400 மில்லிகிராமைத் தொட்டபோது 5 சதவீதத்தினருக்கு இதயச் செயலிழப்பு; 550ஐத் தொட்டபோது 26 சதவீதம்; 700ஐத் தொட்டபோது 48 சதவீதம். இன்று பெரும்பாலும் அந்த உயரத்துக்குப் போவதில்லை. ஆனாலும் 2015இல் மிலானிலிருந்து வந்த ஆய்வில், இம்மருந்து எடுத்த 2,625 பேரில் 9 சதவீதத்தினரின் இதயம் பம்ப் செய்யும் திறனை இழந்திருந்தது. அவர்களில் ஏறத்தாழ எல்லோருக்கும் முதல் ஓராண்டிலேயே அது நடந்திருந்தது.

அதனால் நோயாளியின் வீட்டில் இந்தக் கேள்வி எழுவது இயல்பு: இதயத்துக்குக் காவலாக ஏதாவது ஒரு மூலிகை உண்டா? யாழ்ப்பாணத்திலிருந்து வந்து டோர்ட்முண்டிலோ ஹாமிலோ குடியேறிய குடும்பமானால் மருதம்பட்டைப் பொடி பொதியில் வந்து சேரும். ஜெர்மன் குடும்பமானால் தெருமுனை மருந்துக்கடையில் வைஸ்டோர்ன் மாத்திரை கேட்பார்கள். இரண்டு வீட்டிலும் ஒரே பயம், ஒரே நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு எவ்வளவு சான்று இருக்கிறது என்று பார்க்க ஜெர்மனியை விடப் பொருத்தமான நாடு இல்லை. மூலிகையை மருந்தாகவே பதிவுசெய்து, மாத்திரையாக்கி, ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்தும் பார்த்த நாடு அது.

வைஸ்டோர்ன் என்பது ஐரோப்பிய வயல்வரப்புகளில் வேலியாக வளரும் முட்புதர். மே மாதத்தில் வெள்ளைப் பூ, இலையுதிர் காலத்தில் சிவப்புக் கனி. தாவரவியலில் க்ராட்டேகஸ். கார்ல்ஸ்ரூஹ நகரத்தில் இயங்கும் வில்மார் ஷ்வாபே நிறுவனம் இதன் இலையையும் பூவையும் 45 சதவீத எத்தனாலில் ஊறவைத்து வடித்து, டபிள்யூ.எஸ். 1442 என்ற சாற்றைத் தயாரிக்கிறது. நான்கு முதல் ஆறரைப் பங்கு உலர்ந்த மூலிகைக்கு ஒரு பங்கு சாறு. அதில் ஆலிகோமெரிக் புரோசயனிடின் என்னும் வேதிக்குழு 18.75 சதவீதம் இருக்கும்படி ஒவ்வொரு தொகுப்பும் சரிசெய்யப்படுகிறது. க்ராட்டகுட் என்ற பெயரில் மருந்துக்கடைக்கு வருவது இதுதான். சீட்டு வேண்டாம், ஆனால் மருந்துக்கடையில்தான் கிடைக்கும். இந்தத் துல்லியத்தை நான் உண்மையாகவே மதிக்கிறேன். நம் ஊர்களில் ‘மருதம்பட்டைச் சாறு’ என்று எழுதிய புட்டியைத் திறந்தால், எந்தக் கரைப்பானில் எடுத்தது, எத்தனை பங்கு பட்டைக்கு எத்தனை பங்கு சாறு என்று சொல்ல ஆளில்லை. ஒரே செடியின் நீர்ச்சாறும் சாராயச்சாறும் வேதியியலில் இரண்டு வெவ்வேறு பொருள்கள். ஒன்றில் நடந்த சோதனை மற்றதற்குச் சாட்சி சொல்லாது. இந்த அடிப்படையை ஜெர்மானியர்கள் வெகு முன்பே புரிந்துகொண்டார்கள்.

ஆனால் பொருளைத் துல்லியமாகச் செய்வது ஒன்று, அது வேலை செய்கிறதென்று நிறுவுவது வேறொன்று. இங்கேதான் ஜெர்மன் சட்டத்தின் தளர்ந்த முடிச்சு இருக்கிறது. 1976இல் இயற்றப்பட்டு 1978இல் நடைமுறைக்கு வந்த மருந்துச் சட்டம், மூலிகை மருத்துவம், ஹோமியோபதி, ஆந்த்ரோபோசபி மருத்துவம் மூன்றையும் ‘தனிச் சிகிச்சை நெறிகள்’ என்று வகுத்தது. அந்தந்த நெறியைச் சேர்ந்த வல்லுநர்களே தம் மருந்துகளை மதிப்பிடுவார்கள். மூலிகைகளுக்கு அமைந்த குழுதான் புகழ்பெற்ற கமிஷன் ஈ. வைஸ்டோர்ன் இலைக்கும் பூவுக்கும் 1994இல் அது சாதகமான குறிப்பு எழுதியது: இதயச் செயலிழப்பின் இரண்டாம் நிலைக்கு, அதாவது மாடி ஏறினால் மூச்சு வாங்கும் நிலைக்கு, கொடுக்கலாம். 2016இல் ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குழு அதே இலையையும் பூவையும் எடைபோட்டபோது, மரபுவழிப் பயன்பாடு என்ற அளவில் மட்டும் ஏற்றுக்கொண்டது. பதற்றத்தால் வரும் படபடப்புக்கு. அதுவும், பெரிய நோய் எதுவும் இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்த பிறகு. இருபத்திரண்டு ஆண்டுகளில் ‘இதயச் செயலிழப்பு’ ‘படபடப்பு’ ஆகிவிட்டது. செடி மாறவில்லை. இடையில் ஒரு பெரிய சோதனை நடந்திருந்தது.

ஸ்பைஸ் என்று பெயரிடப்பட்ட அந்தச் சோதனையின் முடிவை 2008இல் கிறிஸ்டியான் ஹோலுபார்ஷும் சக ஆய்வாளர்களும் வெளியிட்டார்கள். இதயம் பம்ப் செய்யும் விகிதம் 35 சதவீதமோ அதற்குக் கீழோ இறங்கிவிட்ட 2,681 நோயாளிகள். வழக்கமான மருந்துகளோடு பாதிப்பேருக்கு நாளொன்றுக்கு 900 மில்லிகிராம் வைஸ்டோர்ன் சாறு, மீதிப்பேருக்கு வெற்று மாத்திரை. இரண்டு ஆண்டுகள். மூலிகை உலகில் இவ்வளவு பெரிய, இவ்வளவு நேர்மையான சோதனைகள் அரிது. முதல் இதய நிகழ்வைச் சந்தித்தவர்கள் சாறு எடுத்தவர்களில் 27.9 சதவீதம், வெற்று மாத்திரையில் 28.9 சதவீதம். வித்தியாசம் இல்லை. பம்ப் விகிதம் 25 சதவீதத்துக்குக் கீழே போகாதவர்களிடம் மட்டும் திடீர் மரணம் குறைந்ததாக ஓர் உட்கணக்கு காட்டியது. விளம்பரங்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டன. முதன்மைக் கேள்வியில் தோற்ற சோதனையின் உட்பிரிவிலிருந்து வெற்றியைத் தேடி எடுப்பது அடுத்த ஆய்வுக்கு ஒரு குறிப்பாகலாம், சிகிச்சைக்கு ஆதாரமாகாது. மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அதே 2008இல் வந்த காக்ரேன் தொகுப்பு, சிறிய பழைய சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, மூச்சிரைப்பும் களைப்பும் வைஸ்டோர்னால் ஓரளவு குறைகின்றன என்றது. அறிகுறி தணியலாம். ஆயுளும் இதயமும் காப்பாற்றப்பட்டதற்குச் சான்று இல்லை. மிச்சிகனில் 120 நோயாளிகளிடம் நடந்து 2009இல் வெளியான சோதனையில், ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம்கூடக் கூடவில்லை.

இவை எதுவும் கீமோ நோயாளிகளிடம் நடந்தவை அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். சரிதான். ஆனால் அந்த மறுப்பு மூலிகைக்கு உதவுவதில்லை. தனக்கென்று அங்கீகாரம் பெற்ற நோயிலேயே இதயத்தைக் காக்க முடியாத சாறு, அதைவிடக் கடுமையான நஞ்சிலிருந்து காக்கும் என்று நம்ப வேண்டுமானால், நேரடிச் சான்று இன்னும் வலுவாக இருக்கவேண்டும். இருக்கும் நேரடிச் சான்றோ பெரும்பாலும் எலியிடம்தான்.

அந்த எலி ஆய்வுகளைக் கிட்டப்போய்ப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் ‘ஆய்வில் நிரூபணம்’ என்று வாட்ஸ்அப்பில் வருவது அநேகமாக இவற்றைத்தான். அமைப்பு ஏறக்குறைய ஒரே மாதிரி. ஆரோக்கியமான ஆண் எலிகள். சில நாட்கள் முன்கூட்டியே சாறு கொடுக்கிறார்கள். பிறகு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் என்று ஒரே ஊசியில் டாக்ஸோரூபிசின். மனித அளவுக்கு மாற்றினால் சதுர மீட்டருக்கு 90 மில்லிகிராம். நோயாளிக்கு ஒரு சுற்றில் ஏறுவது வழக்கமாக 50, 60. இரண்டொரு நாளில் எலியைக் கொன்று, இதயச் சேதத்தைக் காட்டும் டிரோபோனினை ரத்தத்திலும் ஆக்ஸிஜனேற்றச் சிதைவுப் பொருள்களை இதயத் திசுவிலும் அளக்கிறார்கள். சாறு குடித்த எலியின் எண்கள் அழகாக இருக்கும். சாற்றின் அளவு பல ஆய்வுகளில் கிலோவுக்கு 400 மில்லிகிராம் வரை போகும். 60 கிலோ மனிதருக்கு அதை மாற்றிப் பார்த்தேன்: நாளுக்குக் கிட்டத்தட்ட 3.9 கிராம் சாறு. வைஸ்டோர்ன் செறிவில் என்றால் 15 முதல் 25 கிராம் உலர்ந்த இலை. மருந்துக்கடை மாத்திரையின் முழு நாளளவைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். இவற்றையெல்லாம்கூட மன்னிக்கலாம். மன்னிக்க முடியாத குறை வேறு. அந்த எலிகளில் பெரும்பாலானவற்றுக்குப் புற்றுநோயே இல்லை. இதயத்தைக் காத்த அதே சாறு கட்டியையும் காத்ததா என்று கேட்கவே அந்த ஆய்வு இடம் தரவில்லை. கீமோ நோயாளிக்கு முதல் கேள்வியே அதுதான்.

எலியிலிருந்து மனிதருக்கு வந்தபோது நடந்ததற்கு, ஜெர்மனியின் எல்லைக்கு அப்பால் ஆம்ஸ்டர்டாமில் ஒரு பாடம் இருக்கிறது. தாவரங்களில் கிடைக்கும் ரூட்டின் என்ற பொருளிலிருந்து செய்த மோனோஹெர் என்ற ஃபிளேவனாய்டு. கால் நரம்பு வீக்கத்துக்கு விற்கப்படும் வெனோரூட்டான் மருந்தின் ஒரு கூறு. சுண்டெலியில் இதயத்தைப் பிரமாதமாகக் காத்தது, கட்டிக்கும் சாதகம் செய்யவில்லை. எல்லா முன்தேவைகளும் பூர்த்தி. முற்றிய புற்றுநோயாளிகள் எட்டுப் பேருக்கு டாக்ஸோரூபிசினுக்கு முன் இதை நரம்பில் ஏற்றினார்கள். ஐந்து பேரின் இதயத் தசையிலிருந்து துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, பாதிப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போட்டார்கள். 2007இல் வந்த முடிவு: சராசரி 2.7. அதே அளவு டாக்ஸோரூபிசினைத் தனியாக எடுத்த முந்தைய நோயாளிகளுக்கு 1.4. காவல் கூடியிருக்க வேண்டிய இடத்தில் சேதம் கூடியிருந்தது. மிகச் சிறிய ஆய்வு, ஒப்பீட்டுக் குழு பழைய தரவு. இதை வைத்து எல்லா ஃபிளேவனாய்டுகளையும் கண்டனம் செய்ய மாட்டேன். ஆனால் அதிக அளவில் ஏற்றிய ‘ஆன்ட்டி ஆக்ஸிடன்ட்’ எதிர்மாறாக நடந்துகொள்ளக்கூடும் என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். எலியிடம் வென்றதைச் சொல்லி விற்பவர்கள் இந்த ஐந்து இதயங்களைப் பற்றிச் சொல்வதில்லை.

இந்தத் தோல்விகளுக்கு ஒரு பொதுக் காரணம் இருக்கிறது. மூலிகைக் காவல் என்ற எண்ணமே டாக்ஸோரூபிசின் இதயத்தைக் கெடுப்பது ‘ஃப்ரீ ராடிக்கல்’களால்தான் என்ற கருத்தின்மேல் நிற்கிறது. 1977இல் வைட்டமின் ஈ சுண்டெலியைக் காத்ததாக அறிவிப்பு வந்தது. 1980களின் தொடக்கத்தில் நோயாளிகளிடம் வைட்டமின் ஈ தோற்றது, அசிட்டைல்சிஸ்டைனும் தோற்றது. அதற்குப் பிறகும் அதே கருத்து மூலிகை வேடத்தில் திரும்பத் திரும்ப வந்தது. 2012இல் டெக்சாஸின் எட்வர்ட் யே குழு, இதய உயிரணுவில் டோப்போஐசோமெரேஸ் 2 பீட்டா என்ற நொதியை நீக்கிவிட்ட சுண்டெலியில் டாக்ஸோரூபிசின் அந்தச் சேதத்தைச் செய்யவில்லை என்று காட்டியது. மருந்து அந்த நொதியோடு சேர்ந்து மரபிழையை வெட்டுவதே சேதத்தின் தொடக்கம். ஆக்ஸிஜனேற்றம் பெருமளவு அதன் பின்விளைவு. அப்படியானால் புகையை விசிறிக்கொண்டிருப்பதால் தீ அணையாது.

இதயக் காவலுக்கென்றே அங்கீகாரம் பெற்ற மருந்தான டெக்ஸ்ராசாக்ஸேன் அந்த நொதியைத்தான் கட்டிப்போடுகிறது. அதன் வரலாறு இங்கே முக்கியமானது. இதயத்தைக் காக்கிறது என்று நோயாளிகளிடம் நிறுவப்பட்ட பிறகும், இது கட்டியையும் காக்குமோ, குழந்தைகளுக்குப் பின்னாளில் வேறு புற்றுநோய் வருமோ என்ற சந்தேகத்தில் ஐரோப்பிய முகமை 2011இல் சிறார்களுக்குத் தடை போட்டது. மேலும் தரவு சேர்ந்த பிறகு, 2017இல், சதுர மீட்டருக்கு மொத்தம் 300 மில்லிகிராமுக்கு மேல் டாக்ஸோரூபிசின் ஏறப்போகும் சிறார்களுக்கு மட்டும் தளர்த்தியது. வேலை செய்கிறது என்று தெரிந்த மருந்துக்கு இத்தனை விசாரணை. வேலை செய்கிறதா என்றே தெரியாத சாறு மட்டும் ‘பக்கவிளைவு இல்லை’ என்ற ஒற்றை வாக்கியத்தில் கடந்து போவது நோயாளிக்கு இழைக்கும் அநீதி என்றே நினைக்கிறேன்.

கட்டியையும் காத்துவிடும் என்ற பயம் கற்பனையா? 2002இல் வட கரோலினாவில் சோமசுந்தரமும் உடனிருந்தவர்களும் மஞ்சளின் குர்குமின், மார்பகப் புற்று உயிரணுக்களை டாக்ஸோரூபிசின் உள்ளிட்ட மருந்துகள் கொல்வதைத் தடுத்ததாக ஆய்வகத்தில் கண்டார்கள். உணவில் குர்குமின் கலந்த சுண்டெலிகளில் சைக்ளோஃபாஸ்ஃபமைடுக்குக் கட்டி சுருங்குவதும் தடைபட்டது. 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, டாக்ஸோரூபிசின் கலந்த சிகிச்சை பெற்ற 1,134 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் துணைமாத்திரைப் பழக்கத்தைக் கேட்டிருந்தது. கீமோவுக்கு முன்பும் கீமோவின்போதும் ஆன்ட்டி ஆக்ஸிடன்ட் எடுத்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு 41 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. எடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான், எண் புள்ளியியல் எல்லையில் ஊசலாடுகிறது, காரண காரியத்தை இது நிறுவாது. ஆனால் உயிர் போகும் விஷயத்தில், ஆபத்து இல்லை என்று காட்டும் பொறுப்பு கொடுப்பவருடையது.

இப்போது ஹைடல்பெர்க் கதை. இந்தத் துறையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். வெர்னர் ஹுன்ஸ்டைன் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் ரத்தநோய்த் துறையின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் அவருக்கே ஏ.எல். அமிலாய்டோசிஸ் வந்தது, பிழையாக மடிந்த புரதம் இதயத்திலும் நாக்கிலும் படிந்து தடிக்கச் செய்யும் நோய். அவர் துறைக்கு உரிய நோய், அவர் உடலிலேயே. கீமோ எடுத்தார். பின்னர் தினமும் ஒன்றரை, இரண்டு லிட்டர் பச்சைத் தேநீர் குடிக்கத் தொடங்கினார். நாக்கின் வீக்கம் தணிந்தது, இதயச் சுவரின் தடிப்பு எக்கோவில் குறைந்தது. 2007இல் ‘ப்ளட்’ இதழுக்குத் தன் கதையை ஒரு கடிதமாக எழுதினார். பேராசிரியர், தன் உடல், எக்கோ அளவுகள். இதைவிட நம்பத்தக்க தனிச்சாட்சி கிடைப்பது கடினம். மறு ஆண்டு பெர்லினின் எரிக் வாங்கர் குழு, பச்சைத் தேயிலையின் இ.ஜி.சி.ஜி. என்ற கூறு இத்தகைய புரதங்கள் இழையாகப் பின்னிக்கொள்வதைத் திசைதிருப்புகிறது என்று ஆய்வகத்தில் காட்டியது. ஹைடல்பெர்க் மருத்துவர்கள் மேலும் சில நோயாளிகளைப் பின்தொடர்ந்து, இதயத் தடிப்பு குறைந்ததாகவோ நின்றதாகவோ எழுதினார்கள். செடி, இயக்கமுறை, மனித இதயம் மூன்றும் ஒரே கோட்டில் வந்த அபூர்வ நிகழ்வு. இங்கே இதயத்தைக் கெடுத்தது கீமோ அல்ல, நோய் என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் மூலிகைக் காவலுக்குக் கிடைத்த மிகச் சிறந்த வாதம் இதுவே.

அந்த வாதம் பிறகு என்ன ஆயிற்று? அதே இ.ஜி.சி.ஜி.யை, புரதம் படியும் வேறொரு மூளைநோய்க்கு, ம்யூனிக்கிலிருந்து நடத்தப்பட்ட ப்ரோமேசா சோதனையில் 92 பேரிடம் சீட்டுக்குலுக்கல் முறையில் சோதித்தார்கள். 2019இல் வந்த முடிவு: பயன் இல்லை. கல்லீரல் பாதிப்பால் இருவர் நிறுத்த நேர்ந்தது. தேநீர்க் கோப்பையில் இல்லாத அபாயம் மாத்திரைச் செறிவில் வந்துவிடுகிறது. நாளுக்கு 800 மில்லிகிராமைத் தாண்டினால் கல்லீரல் நொதிகள் ஏறக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்திருந்தது. இன்னொன்று இதைவிடக் கவலைதரும். ஹுன்ஸ்டைனுக்கு வந்த அதே நோய்க்கு இப்போது முக்கிய மருந்துகளில் ஒன்று போர்ட்டிசோமிப். இ.ஜி.சி.ஜி. அந்த மருந்தின் மூலக்கூற்றையே பிடித்துக் கட்டிச் செயலிழக்கச் செய்கிறது என்று 2009இல் கலிபோர்னிய ஆய்வு ஆய்வகத்திலும் சுண்டெலியிலும் காட்டியது. ஒரு பேராசிரியரின் இதயத்துக்கு நல்லதாகத் தோன்றிய செடி, அடுத்த நோயாளியின் மருந்தை முறிக்கக்கூடும். இரண்டையும் செய்வது ஒரே வேதிப்பொருள். ‘மூலிகைதானே’ என்ற சமாதானத்துக்கு இங்கே இடமில்லை.

மருந்தை முறிப்பதில் ஜெர்மனி கற்ற முதல் பெரிய பாடம் செயின்ட் ஜான்ஸ் வொர்ட் செடியிடமிருந்து வந்தது. மனச்சோர்வுக்கு அங்கே பரவலாக எடுக்கப்படும் மூலிகை. புற்றுநோயாளிகளுக்கு மனச்சோர்வு சாதாரணம். 1999இல் பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் 25 ஆரோக்கியமானவர்களிடம் டிகாக்ஸின் என்ற இதய மருந்தோடு இதைப் பத்து நாள் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் டிகாக்ஸின் அளவு கால் பங்கு சரிந்தது. மூன்று ஆண்டு கழித்து ராட்டர்டாமில், இரினோட்டிகான் என்ற கீமோ மருந்தின் செயல்வடிவம் இதே செடியால் 42 சதவீதம் குறைந்ததைக் கண்டார்கள். நோயாளி எதையும் உணர மாட்டார். பக்கவிளைவு குறைந்ததுபோல்கூடத் தோன்றும். மருந்து குறைந்ததால் குறைந்த பக்கவிளைவு அது.

நம் மருதம்பட்டைக்கு வருவோம். எலி ஆய்வுகளில் இதுவும் டாக்ஸோரூபிசினுக்கு எதிராக நன்றாகச் செயல்பட்டிருக்கிறது. மேலே சொன்ன குறைகள் அத்தனையும் அங்கும் உண்டு. மனிதரிடம் நடந்தவற்றில் ஒழுங்கானது டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையினர் 2016இல் வெளியிட்டது. இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்குப் பட்டையின் நீர்ச்சாறு நாளுக்கு இரண்டு வேளை 750 மில்லிகிராம், பன்னிரண்டு வாரம். பம்ப் விகிதம் கூடவில்லை. நடமாட்டத்திலும் அறிகுறியிலும் ஓரளவு முன்னேற்றம். வைஸ்டோர்ன் சொன்ன கதையையே மருதமும் சொல்கிறது. இரண்டு கண்டங்களின் இரண்டு இதய மூலிகைகள் ஒரே இடத்தில் வந்து நிற்பதை நான் தற்செயலாக எண்ணவில்லை. களைப்பைத் தணிக்கும் ஏதோ ஒன்று அவற்றில் இருக்கலாம். தசையை மீட்கும் ஆற்றல் இருப்பதாக இரண்டும் காட்டவில்லை.

தட்டின் மறுபக்கத்தில் வைக்க ஓர் ஆய்வு உண்டு. பால்முள் செடியின் விதையிலிருந்து எடுக்கும் சிலிமாரின். 1960களின் இறுதியில் ம்யூனிக்கில் ஹில்டெபெர்ட் வாக்னர் அதன் வேதியியலை அவிழ்த்தார். கொலோனின் மாடவுஸ் நிறுவனம் லெகலான் என்று விற்றது. அதன் சிலிபினினை நீரில் கரையும் ஊசி மருந்தாக மாற்றி, கொடிய நச்சுக்காளான் உண்டவர்களுக்குக் கொடுக்கிறார்கள். எகிப்தின் தாண்டா பல்கலைக்கழகத்தினர் 2019இல், ரத்தப்புற்று வந்த 80 குழந்தைகளில் பாதிப்பேருக்கு ஒவ்வொரு டாக்ஸோரூபிசின் சுற்றுக்குப் பின்னும் ஒரு வாரம் சிலிமாரின் கொடுத்து, அவர்களின் இதயச் செயல்திறன் குறைவாகவே சரிந்ததாக எழுதினார்கள். மனிதரிடம், கீமோவோடு, ஒப்பீட்டுக் குழுவோடு. மதிக்கிறேன். ஆனால் குழந்தைகளுக்கு ஆந்த்ராசைக்ளினின் சேதம் பத்து, இருபது ஆண்டு கழித்தும் வரும். அங்கே அளந்ததோ ஆரம்ப மாற்றத்தை. ரத்தப்புற்று திரும்பியதா என்பதற்கு 80 பேர் போதாது. இது ஒரு வாசலைத் திறக்கிறது. உள்ளே இன்னும் யாரும் போகவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டுச் செடியில் மருந்தே இல்லை என்று முடிவுகட்டுபவரோடும் எனக்கு உடன்பாடில்லை. அதற்கு மறுப்பு ஜெர்மனியிலேயே இருக்கிறது. நரிக்கையுறைச் செடியின் டிஜிடாக்ஸினைப் பழைய மருந்து என்று பலரும் கைவிட்ட பிறகு, ஹனோவர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் உடோ பாவென்டீக்கும் யோஹான் பாவர்சாக்ஸும் அதை மீண்டும் சோதனைக்கு எடுத்தார்கள். காப்புரிமை இல்லாத மருந்து. நடுவண் அரசின் ஆராய்ச்சிப் பணத்தில் நடந்தது. நாளுக்கு 0.07 மில்லிகிராமில் தொடக்கம். ரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்துத் திருத்தம். 1,212 நோயாளிகள். 2025இல் வந்த முடிவில், இறந்தவர்களோ இதயச் செயலிழப்பு முற்றி மருத்துவமனையில் சேர்ந்தவர்களோ டிஜிடாக்ஸின் பக்கம் 39.5 சதவீதம், வெற்று மாத்திரைப் பக்கம் 44.1. வென்றது செடியின் ஒற்றை மூலக்கூறு, துல்லிய அளவில், வழக்கமான மருந்துகளோடு சேர்ந்து. ஸ்பைஸ் சோதனையோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நாட்டு மரபு, இரண்டுமே நேர்மையான சோதனை. ஒன்றில் செடி தோற்றது, ஒன்றில் வென்றது. சோதனை இல்லாமல் எது எதுவென்று யாராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

ஆகவே என் தீர்ப்பு இது. கீமோவிலிருந்து இதயத்தைக் காக்க இன்றைய நிலையில் எந்தத் தாவரச் சாற்றையும் கொடுக்கச் சான்று இல்லை. வைஸ்டோர்ன் தன் சொந்தக் களத்திலேயே அந்தத் தகுதியைப் பெறவில்லை, மருதமும் அப்படியே. குர்குமின், பச்சைத் தேயிலைச் செறிவு மாத்திரைகளை கீமோ முடியும்வரை ஒதுக்கிவைக்கவேண்டும். செயின்ட் ஜான்ஸ் வொர்ட்டைத் தொடவே கூடாது. குழம்பில் போடும் மஞ்சளும் காலையில் ஒரு கோப்பைத் தேநீரும் இந்தக் குற்றப்பட்டியலில் இல்லை. சிலிமாரின் மட்டும் பெரிய சோதனைக்குத் தகுதி பெற்றிருக்கிறது. மருந்துச் சீட்டுக்கு அல்ல. ஜெர்மன் சட்டம் அந்தந்த நெறியினரே தம் மருந்தை மதிப்பிட விட்டது தவறு என்பதும் என் கருத்து. இப்போது அங்கே திருத்தம் வேறு வழியில் வருகிறது. 2004 முதல், சீட்டு இல்லாமல் கிடைக்கும் மருந்துகளுக்குக் காப்பீடு பணம் தருவதில்லை, சில விதிவிலக்குகள் நீங்கலாக. வைஸ்டோர்ன் அந்த விலக்குப் பட்டியலில் இடம்பெறவில்லை. 2021இல் வந்த புற்றுநோய்த் துணைமருத்துவ வழிகாட்டி, ஒவ்வொரு நோயாளியிடமும் வேறு என்ன எடுக்கிறீர்கள் என்று மருத்துவர் தாமே கேட்கவேண்டும் என்கிறது. யேனா பல்கலைக்கழகத்தின் யூட்டா ஹ்யூப்னர் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்திய காரியம் அது. கேட்கப்படாத நோயாளி தானாகச் சொல்வதில்லை. கேட்டால் திட்டுவார்கள் என்று பயந்தவர் பொய் சொல்வார். மருதம்பட்டைப் பொடி எடுக்கும் தமிழ் அம்மாவுக்கு அந்தக் கேள்வி தமிழில் வரவேண்டும், பிள்ளையை மொழிபெயர்க்க வைத்து அல்ல.

இதயத்துக்குப் பயப்படுபவர் இன்றே கேட்டுப் பெறக்கூடியவையும் உண்டு. கீமோவுக்கு முன்னும் இடையிலும் எக்கோ, டிரோபோனின். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தல். ஆபத்து அதிகமானால் டெக்ஸ்ராசாக்ஸேன் அல்லது கொழுப்புறையிட்ட டாக்ஸோரூபிசின். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2022 வழிகாட்டி இவற்றைச் சொல்கிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையில் சான்று இன்னும் பிளவுபட்டிருக்கிறது: 2022இல் ஒரு சோதனை பயனில்லை என்றது, 2023இல் 300 லிம்போமா நோயாளிகளிடம் நடந்த இன்னொன்றில் இதயத்திறன் கணிசமாகச் சரிந்தவர்கள் 22 சதவீதத்திலிருந்து 9 ஆகக் குறைந்தார்கள். உலகமே அறிந்த ஒரு மருந்துக்கே இரண்டு பெரிய சோதனைகளும் இன்னும் ஒரு வாதமும் தேவைப்படுகின்றன.

சிலிமாரினுக்கு அப்படியொரு சோதனை வேண்டும். ஒரே செறிவில் ஒரே தயாரிப்பு. வெற்று மாத்திரைக் குழு. டாக்ஸோரூபிசின் எடுக்கும் சில நூறு பேர். எக்கோவை யார் பார்க்கிறாரோ அவருக்கு எந்தக் குழு என்று தெரியக்கூடாது. ரத்தத்தில் டாக்ஸோரூபிசின் அளவு மாறுகிறதா என்று ஒரு சிறு குழுவிடம் முன்கூட்டியே பார்த்துவிடவேண்டும். ஐந்தாண்டு கழித்து இதயம் எப்படி இருக்கிறது என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே, சம எடையோடு, புற்றுநோய் திரும்பியதா என்ற கேள்வியும் முதல் நோயாளி சேரும் முன்பே பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கவேண்டும். டிஜிடாக்ஸினுக்குச் செலவழித்ததுபோலப் பொதுப்பணம் இதற்கும் வரவேண்டும். காப்புரிமை கிடைக்காத விதைச் சாற்றுக்கு எந்த நிறுவனமும் அந்தச் செலவைச் செய்யப்போவதில்லை.